மகன் கைக்கடிகாரத்தில் உன் வெள்ளிக்கிழமை

என் சண்டைக்காரி சரோஜாவுக்கு,

சௌக்கியமா என்று கேட்கத்தான் இன்னும் வாய் வருகிறது. நான் சொல்லச் சொல்ல நம் மகள் எழுதுகிறாள். நடுவில் சிரிக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் வருஷப் படையலை ஏன் காலையில் போட்டோம் என்று குழம்பியிருப்பாய். கேள்.

போன வருஷம் நம் பிள்ளை குமாரால் உன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து அவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாசலில் நின்று அவன் அழுததை நீ பார்த்தாயோ என்னவோ. அதனால் இந்தத் தடவை அவன் கையால்தான் உனக்கு இலை என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

"வியாழக்கிழமை சாயங்காலம் ஏறுறேன்பா. துபாய்ல மாறணும். மொத்தம் ஒரு நாள் ஆவும்" என்றான். அப்படியானால் வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்துவிடுவான். உன் நாளும் வெள்ளிக்கிழமைதான், படையலும் அப்போதுதான். இதற்கு என்ன படிப்பு வேண்டும்?

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக் கூட்டத்தில் இடிபட்டு ஏர்போர்ட் போனேன். வெளியே வந்த ஒவ்வொரு தொப்பைக்காரனையும் நம் பிள்ளையோ என்று உற்றுப் பார்த்தேன். இருட்டிய பிறகு மகள் போன் செய்தாள்.

"அப்பா, அவன் சொன்னது அந்த ஊரு வியாழக்கிழமை. அப்ப நமக்கு வெள்ளிக்கிழமையே விடிஞ்சுட்டுது. நாளைக்குக் காலையிலதான் வருவான். வூட்டுக்கு வா."

வீட்டில் உன் தங்கை இடுப்பில் கைவைத்து நின்றாள். படப்பையிலிருந்து வந்து அத்தனை வடையும் சுட்டவள் அவள்தானே.

"படிச்ச புள்ளையும் படிக்காத அப்பனும் சேந்து போட்ட கணக்கா மாமா இது? அக்கா பசியோட நிக்குது. எலைய போடு."

"புள்ள வராம உங்கக்கா என்னிக்கு சாப்ட்டுகீது?"

"நாள் தப்புது மாமா!"

விளக்கை மட்டும் ஏற்றினேன். வடை வாசனையில் எல்லோரும் உப்புமா தின்றோம். உன் தங்கை சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நாள் தப்பினால் நீயும் அப்படித்தான் திரும்பிப் படுத்துக்கொள்வாயோ?

காலையில் குமார் வந்தான். குளிக்கப் போகும்போது கடிகாரத்தைக் கழற்றி வைத்தான். எழுத்துதான் தெரியாதே தவிர முள் தெரியுமே எனக்கு.

"இன்னாடா, இங்க ஆறரை. உன்னுது ஆறுன்னு காட்டுது?"

"அது அந்த ஊரு டைம்பா, இன்னும் மாத்தல. அங்க இப்பத்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம்."

கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். "பாரும்மா! வெள்ளிக்கிழமை, விளக்கு வெக்கிற நேரம். நாள் தப்பல. போடு எலைய!"

உன் தங்கை கடிகாரத்தைப் பார்த்தாள். ஜன்னல் வழியே சூரியனைப் பார்த்தாள். "பேஜார் புடிச்ச மனுசன்யா நீ" என்றாள். ஆனால் இலையை முதலில் கழுவியது அவள்தான்.

குமார் ஈரத் தலையோடு உட்கார்ந்து, தன் கையாலேயே உனக்கு எல்லாம் பரிமாறினான். நேற்றைய வடை, கொஞ்சம் கல்லாகத்தான் இருந்தது. காக்கா குறை சொல்லவில்லை. நீ?

அந்தக் கடிகாரத்தை மாற்றாமல் என்னிடமே விட்டுப் போகச் சொன்னேன். உன் படத்துக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. இனி அவன் எவ்வளவு தாமதமாக வந்தாலும், அந்தக் கடிகாரத்தில் உன் நாள் முடியும்வரை இங்கே யாரையும் நாள் தப்பியது என்று சொல்ல விடமாட்டேன். இது சத்தியம்.

உன் கணக்குத் தெரியாத வீட்டுக்காரன்,
ஏழுமலை