அக்காவின் பதினொரு ரோஜாச் செடிகள்

மார்ச் 16, ஞாயிறு
காலையிலேயே சுள்ளென்று வெயில். துணி அலசிக்கொண்டிருந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல். விமலா அக்கா! என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. கிணற்றுத் தண்ணீர் முறைக்காக நான் ஒரு வார்த்தை விட்டதிலிருந்து, பக்கத்து வீடாக இருந்தும் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை.

"பொண்ணு பிரசவத்துக்கு பெங்களூர் போறேன். வர மூணு மாசம் ஆவும். ரோஜாவ பாத்துக்கிறியா?"

"பாத்துக்கிறேங்க்கா."

அவ்வளவுதான். சோப்பு கையோடு நின்றுகொண்டே இருந்தேன்.

மார்ச் 18
அக்கா கிளம்பியாச்சு. சொன்னது, மறக்காமல் இருக்க:
தண்ணீர் காலையில் மட்டும், வேரில்.
கடலைப் புண்ணாக்கு மூன்று நாள் ஊறவைத்து, நிறைய தண்ணீர் கலந்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை.
வாடின பூவை உடனே வெட்டு.
வெயில் ஏற ஏற உரம் கம்மி.
மொத்தம் பதினொன்று. அக்கா வீட்டுக்காரர் மாமா, பஸ் டிரைவர். வெள்ளிமலை பஸ் ஓட்டியபோது அவர் மலை மேலேயிருந்து கொண்டுவந்த சிவப்பு ஒட்டுச்செடிதான் அக்காவுக்கு உயிர். ஆனால் மாமாவை நம்பிச் செடியை விட முடியாது. டியூட்டிக்குப் போனால் மறுநாள்தான் வருவார்.

ஏப்ரல் 6
இருபத்து மூன்று மொட்டு. போட்டோ அனுப்பினேன். "சூப்பர்" என்று அக்காவிடமிருந்து பதில். எனக்குத் தலைகால் புரியவில்லை. உரக்கடையில் டிஏபி வாங்கிவந்து செடிக்கு ஒரு கைப்பிடி. சிவப்புக்கு இரண்டு.

ஏப்ரல் 10
இலை ஓரமெல்லாம் கருகிய அப்பளம். மொட்டு தலைதொங்கிவிட்டது. இவர் பார்த்துவிட்டு, "இன்னா போட்ட?"

சொன்னேன்.

"கைப்பிடியா? வயலுக்கு எறைக்கிற மாதிரி எறச்சிட்டியா?"

ஏப்ரல் 12, சனி
ஆபீஸ் லீவு. கரண்டியால் மேல் மண்ணை வழித்து, கறுப்புக் குருணைகளைப் பொறுக்கி எறிந்தேன். பிறகு குடம் குடமாகத் தண்ணீர், உப்பு இறங்கட்டும் என்று. போர்வெல்லில் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வருகிறது. இடுப்பு போயிற்று.

டியூட்டி முடித்து மாமா வந்தார். கேட்டிலேயே நின்று பார்த்தார். 

"நான் ஒண்ணும் பாக்கலம்மா." உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் ஒரு கட்டு காய்ந்த கரும்புத் தோகை கொண்டுவந்து போட்டார். "வேர மூடி வை. ஈரம் நிக்கும்."

ஏப்ரல் 27
பத்துச் செடி தேறிவிட்டது. புதுத் துளிர். அப்பாடா. சிவப்பு மட்டும் வெறும் குச்சி. நுனியைக் கிள்ளிப் பார்த்தேன், உள்ளே லேசாகப் பச்சை.
அக்கா போட்டோ கேட்டார். பழைய போட்டோவையே அனுப்பினேன். சோறு இறங்கவில்லை.

மே 11
சிவப்பில் துளிர்! ஓடிப்போய்க் குனிந்து பார்த்தால் ஒட்டுப்போட்ட இடத்துக்குக் கீழே. அடிக்கட்டையின் காட்டு ரோஜா, சிவப்பு இல்லை. கிள்ளி எறிந்தேன். அழுகை. செடிக்காக மட்டும் இல்லை.

மே 13
அக்கா போன். பெண் குழந்தை, சுகப்பிரசவம். சந்தோஷத்தில் வாயிலிருந்து கொட்டிவிட்டது.

"அக்கா, செவப்பு ரோஜாவ கருக்கிட்டேங்க்கா. டிஏபி ஜாஸ்தியா போட்டுட்டேன். அனுப்பின போட்டோ பழசு."

அந்தப் பக்கம் குழந்தை அழும் சத்தம். அதற்கு நடுவே அக்கா:

"தெரியும்டி. மாமா அன்னிக்கே சொல்ட்டாரு."

"அப்பறம் ஏங்க்கா ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நீ மறுபடியும் பேசாம பூட்டீன்னா?"

 அக்காவே சொன்னார்: "மொத வருசம் நானும் யூரியா போட்டு நாலு செடிய சாவடிச்சவதான்."

"அந்தக் கெணத்து விசயத்துல நான் சொன்னது..."

"வுடுடி. புள்ளைக்குப் பேரு யோசி."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஜூன் 1
கோடை மழை, அரை மணி நேரம். சிவப்பில் ஒட்டுக்கு மேலே ஒரு துளிர், விரல் நீளம், செம்பு நிறத்தில். மூன்று முறை பார்த்துவிட்டேன், மேலேதான். உரம் கிடையாது. தண்ணீர் மட்டும்.

ஜூன் 15, ஞாயிறு
அக்கா வந்தாச்சு. ரோஜா பக்கம் திரும்பவே இல்லை. பையை வாசலில் வைத்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்குள்.
"இன்னாடி, காப்பி உண்டா?"
வீட்டில் பால் இல்லை. இவரைக் கடைக்கு ஓடச்சொல்லிவிட்டு, டிகாஷனுக்குத் தண்ணீர் வைத்தேன்.