பனிச்சங்காய் அனுப்ப மாட்டேன்

மாதா துணை

பாம்பன்
12.2.1958

அன்பு மகன் இன்னாசிக்கு அம்மா மிக்கேலம்மாள் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், பம்பாயில் நீயும் உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் கோயிலில் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. உன் அக்கா செபஸ்தியம்மாள் நாலு நாள் இருந்துவிட்டு நேற்றுத்தான் மண்டபத்துக்குத் திரும்பினாள், அவள் மகனுக்குக் கீழே ரெண்டு பல் முளைத்திருக்கிறது, என் விரலைக் கடித்துப் பார்க்கிறான். இந்த வீட்டில் இப்போது எப்போதும் பல் பேச்சுத்தான்.

பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது, அய்யா செய்கிற மாதிரி பனிச்சங்காய்ச் சாற்றில் கொப்பளிக்கலாம் என்று இருக்கிறேன், ஒரு பை காய் அனுப்பு என்று எழுதியிருந்தாய். அனுப்ப மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் முழுதும் படி. உன் அய்யாவுக்கு ஈறில் ரத்தம் வந்தது உனக்குத் தெரியும். வலைக்குச் சாயம் போடப் பனிச்சங்காயை இடித்து ஊறவைக்கிற பானையிலிருந்து ஒரு கை அள்ளிக் கொப்பளிப்பார், நூலையே இற்றுப்போகாமல் காக்கிற சாறு ஈறைக் காக்காதா என்பார். ரத்தமும் நின்றது. என் புருஷனைப் போல யோசனைக்காரர் இந்தக் கரையில் உண்டா என்று நானும் பெருமையாகத்தான் இருந்தேன். ஆனால் ரத்தம் நின்றதே ஒழிய நோய் நிற்கவில்லை. கார்த்திகையில் ஈறு வீங்கி, வாய் நாற்றமெடுத்து, கீழ்வரிசை முன்பல் நாலும் ஆட ஆரம்பித்தன. மீன்முள்ளைப் பல்லாலேயே பிரிக்கிற மனிதர் வெறும் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தார். அதுகூடப் பரவாயில்லை, ஒரு நாள் வள்ளம் கரை சேரும்போது அவருடைய சீழ்க்கைச் சத்தம் வரவில்லை. அதைக் கேட்டுத்தானே நான் கூடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போவேன். விரலை வைத்து ஊதினால் பல் ஆடுகிறது என்று சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாளே ரயிலேற்றி ராமநாதபுரம் கூட்டிப்போனேன். சேதுராமன் என்று ஒரு பல் டாக்டர், உன் வயதுதான் இருக்கும். பல் ஏன் இப்படிக் கறுத்திருக்கிறது என்று கேட்டார், உன் அய்யாவும் கூசாமல் தன் வைத்தியத்தைச் சொன்னார். டாக்டர் சிரித்துவிடுவார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரிக்கவில்லை. வலைக்கு எப்படிச் சாயம் போடுவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, "அழுக்கக் கழுவாம வலையச் சாயத்துல போடுவீகளாய்யா?" என்றார். உன் அய்யாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. அழுக்கோடு சாயம் போட்டால் உள்ளுக்குள்ளேயே இற்றுவிடும் என்று ஊருக்கே சொல்கிறவர் அல்லவா. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் காரை கல் மாதிரி கட்டியிருக்கிறது, அதுதான் ஈறைக் கெடுக்கிறது, சாறு மேலே இறுக்கிப் பிடித்து ரத்தத்தை மட்டும் மறைத்துவிட்டது என்று டாக்டர் விளக்கினார். எவ்வளவு படித்தும் எவ்வளவு தன்மை, அவரைப் பெற்றவள் புண்ணியவதி.

மூன்று தடவை போய் வந்தோம். வள்ளத்து அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுகிற மாதிரி அந்தக் காரையைச் சுரண்டி எடுத்தார். உன் அய்யா நாற்காலியைப் பிடித்தபடி இருந்தார், ஒரு முனகல் இல்லை. நாலு பல்லும் போகும் என்று பயந்தோம், ரெண்டைத்தான் பிடுங்க வேண்டியிருந்தது, மற்ற ரெண்டும் இப்போது இறுகி வருகின்றன. ஈறுக்கு அதுவும் கெடுதல் என்று டாக்டர் சொன்னதால், முப்பது வருஷமாக மென்ற புகையிலையைத் திரும்பி வரும்போது பாலத்தில் ரயில் ஜன்னல் வழியாகக் கடலில் எறிந்தார். காலையிலும் படுக்கப் போகுமுன்னும் பிரஷ்ஷை ஈறோரத்தில் வைத்து, வலை முடிகிற பொறுமையோடு ஒவ்வொரு பல்லாகத் துலக்குகிறார். கல்யாணம் ஆன புதிதில்கூட இவரை நான் இவ்வளவு மெச்சியதில்லை, அவரிடம் சொல்லிவிடாதே.

அதனால் நீ நாளைக்கே அங்கே ஒரு பல் டாக்டரைப் பார். கரித்தூளும் செங்கல்தூளும் போட்டுத் தேய்க்காதே, மெத்தென்ற பிரஷ் வாங்கு, ரத்தம் வருகிறதே என்று துலக்குவதை நிறுத்தாதே. பீடி பழகியிருந்தால் விட்டுவிடு, பழகவில்லை என்று பொய் எழுதாதே. பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வாயைக் காட்டு, சேதுராமன் டாக்டர் அப்படித்தான் சொன்னார்.

நேற்றுச் சாயங்காலம் கடலிலிருந்து சீழ்க்கை வந்தது. பல் போன இடுக்கு வழியாகக் காற்று ஒழுகிப் பாதி சத்தம்தான் வந்தது, ஆனாலும் கூடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஈஸ்டருக்கு நீ வருகிற ரயில் பாலத்தில் ஏறும்போது கீழே வள்ளத்தில் இருந்து சீழ்க்கை அடிப்பாராம், நீ ஜன்னலில் இருந்து பதிலுக்கு அடிக்க வேண்டுமாம். இதை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "நான் ரெண்டு பல்லு இல்லாம அடிக்கிறேன், அவன் முழுப் பல்லோட அடிக்கட்டும்னு எழுது" என்கிறார்.

மாதா உன் கூடவே இருப்பாள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து அன்றைக்கே பதில் போடு.

இப்படிக்கு
உன்னையே நினைத்திருக்கும் அம்மா
யா. மிக்கேலம்மாள்