வெள்ளைக்காதின் பல்

அன்பு லாத்தா,

உன் பர்மாக்காரப் புருஷனை மறுபடியும் சந்தேகப்பட்டேன். நீ இருந்திருந்தால் "சந்தேகப் பிராணி" என்று சிரித்திருப்பாய். முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டு.

போன வருஷம் உன்னை இங்கேயே அடக்கம் செய்ததிலிருந்தே கோ தின் மச்சான் எனக்கு விற்பனைக்கு அனுப்பும் ஆடுகள் சரியாகப் படவில்லை. ஃபோனில் "ரெண்டு பல்லு, இளசு" என்பார். இங்கே இன்சீனில் என் பட்டியில் இறக்கி வாயைத் திறந்தால், முன்பற்கள் கிழட்டு ஆட்டுக்குப் போலத் தேய்ந்திருக்கும். பல்லைப் பார்த்துத்தானே வயது சொல்கிறோம்? இளசுகளை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு, கழிசடைகளை என் தலையில் கட்டுகிறார் என்று முடிவு கட்டினேன். நீ போனபின் நான் யார் அவருக்கு?

இந்தக் கோடையில் அவரே லாரியில் வந்து இறங்கினார். எல்லாம் சினை ஆடுகள்.

"மழை வர்ற வரைக்கும் இதுங்க இங்கயே இருக்கட்டும் தம்பி. அங்க ஓட்டிட்டுப் போக எடமில்லே."

மெய்த்திலா பக்கம் மழை பெய்த திசை பார்த்து மந்தையோடு ஊர் ஊராக நகரும் மனுஷர். அவருக்கா இடமில்லை? முதலில் ஆடு வரும், பின்னாலேயே ஆள் வந்து வாப்பா விட்டுப்போன வீட்டில் உன் பங்கைக் கேட்பார் என்று தோன்றியது.

லப்பெயே டீ குடித்துக்கொண்டே மெல்ல விசாரித்தேன். "புல்லு எங்க போச்சு மச்சான்?"

"மண்ணு மூடிருச்சு. ஒரு எடத்துல இல்லேன்னா அடுத்த எடம்னு போவோம்ல? இப்ப அடுத்த எடமும் மண்ணுதான்."

நன்றாகத்தான் ஜோடித்து வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நீ ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லையே.

அப்போதுதான் வெள்ளைக்காதைப் பார்த்தேன். நீ மடியில் போட்டுப் புட்டிப்பால் கொடுத்த குட்டி. அன்றைக்கே படம் அனுப்பினாயே, இதன் வயது எனக்குத் தெரியும், இரண்டுதான். மாட்டிக்கொண்டார் மச்சான் என்று வாயைத் திறந்தேன்.

பல் கட்டை கட்டையாகத் தேய்ந்திருந்தது லாத்தா. இளம் ஆட்டுக்குக் கிழட்டு வாய்.

"அடிப்புல்ல மண்ணோட கரம்பித் தின்னா பல்லு என்னத்துக்கு ஆகும், தம்பீ?" என்றார். கோபமே இல்லை. அந்தத் 'தம்பீ'யை நீ இழுப்பதுபோலவே இழுத்தார். தமிழை உன்னிடம் கற்றவர்தானே. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது என் சந்தேகம் உன் மேல். "புல்லுக்கென்ன, முழங்கால் உசரம் நிக்குது" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாயே, அப்போதே மண்தானா? மந்தையை விற்றுவிட்டு வா என்பேன் என்று மறைத்தாயா? சொல்லித்தான் இருப்பேன்.

மச்சானுக்கு முன்னறையில் பாய் போட்டிருக்கிறேன். மழை வந்ததும் திரும்பிப் போவாராம். மழை வந்தால் புல் வருமா என்று கேட்டேன். வெள்ளைக்காதின் முதுகிலிருந்த மண்ணைத் தட்டிவிட ஆரம்பித்தார்.

வெள்ளைக்காதை யாருக்கும் விற்கமாட்டேன். மெல்ல முடியாத அந்த வாய்க்குத் தவிட்டுக் கஞ்சி கரைத்து நானே வைப்பேன். இனி நம் ஆட்களில் யார் "நல்லா இருக்கோம்" என்று சொன்னாலும் நம்பாமல் நேரில் போய்ப் பார்ப்பேன். உன்னிடம் நான் செய்யாமல் விட்டது அதுதான்.

உன் சந்தேகப் பிராணித் தம்பி,
சாகுல்