வாசல் ஏறாத நீலமணி

அன்பு மகன் மித்ஹத்துக்கு, உன் மேல் சாந்தி உண்டாகட்டும். உன் குட்டித் தங்கை ரிதாஜ் பிழைத்துக்கொண்டாள், அதனால் மன்சூராவில் நாங்கள் நலம். குவைத் வெயிலில் நீயும் நலமாயிரு. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை நஷ்வா எழுதுகிறாள்.

வயிற்றுப்போக்கு என்று சின்னவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம் அல்லவா, அது சரியாகி வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் குளிர்காய்ச்சல் தூக்கிப்போட்டது, ரத்தத்தில் கிருமி என்றார்கள். அங்கே டாக்டராயிருக்கும் என் அக்கா மகன் ஹாஸிம் அவள் கையைப் பார்த்தான். டிரிப்ஸ் ஏறிய கையில் உன் இன்ஷிராஹ் அத்தை கண்ணேறுக்காக நீலமணி கட்டியிருந்தாள். “இந்த அழுக்கு நூலாலதான் சித்தி எல்லாம்” என்றான். உன் அப்பா தன் தங்கை என்றும் பார்க்காமல், “இனி இவ என் வாசப்படி ஏறினா என் பெண்டாட்டிக்குத் தலாக்” என்று வார்டு நடுவில் சத்தியம் செய்துவிட்டார்.

பிறகு பக்கத்துக் கட்டில் தாய் என்னிடம், “உன் மகளுக்கு நீலமணி, என் பையனுக்கு என்ன மணி? அவனுக்கும் இதே கிருமிதான். அவனுக்கு முன்னால இந்தக் கட்டில்ல படுத்திருந்த குழந்தை இதுலதான் போச்சு” என்றாள். ஹாஸிமைப் பிடித்துக் கேட்டேன். “வார்டுலயே கிருமி இருக்குன்னு தெரியும் சித்தி. வெளியே சொன்னா என் வேலை போயிடும். நூலைச் சொன்னா யாருக்கு என்ன நஷ்டம்?” என்றான். என் இடுப்பில் வளர்ந்தவன் மகனே, தெரிந்தே என் பிள்ளையை அங்கே படுக்கவிட்டான். அந்நியன் செய்திருந்தால் தாங்கிக்கொள்வேன்.

பத்து ஏழைகளுக்குச் சோறு போட்டால் சத்தியம் தீரும் என்று பள்ளிவாசல் ஷேக் சொல்லிவிட்டார். தங்கை மேல் தப்பில்லை என்று தெரிந்தும், வெட்கத்தில் உன் அப்பா அசையவில்லை. நேற்று அத்தை தெருவில் நின்று கூப்பிட்டாள். பால்கனியிலிருந்து கயிறு கட்டிய கூடையை இறக்கினோம், கோழிச்சாறும் புது நூலில் அதே நீலமணியும் வந்தன. மேலே வா என்று ரிதாஜ் கத்தினாள். “நான் ஏறினா உங்கம்மா இறங்கணுமேடி, என் கண்ணு! என்னையும் கூடையில வச்சுத் தூக்கச் சொல்லு உங்கப்பனை” என்றாள் அத்தை. கயிறு உன் அப்பா கையில்தான் இருந்தது, கீழே எட்டிப் பார்க்கவில்லை.

நீ சொன்னால் கேட்பார், வெள்ளிக்கிழமை போனில் மறக்காமல் பேசு. நேரத்துக்குச் சாப்பிடு. இறைவன் உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா,
ஸுஹைர்

அண்ணா, இது நஷ்வா. அம்மா கவனிக்காத ஒன்று: கூடை மேலே வந்த பிறகும், அத்தை தெருமுனை திரும்பும்வரை அப்பா கயிற்றை விடவில்லை.