கடைசி வரியில் ஒரு ‘நீ’

கோபன்ஹேகன்,
மே 1974, செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய திரு. ராவ்ன் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்காகனில் காற்று அடங்கியதா, உடம்பு எப்படி என்றெல்லாம் நிதானமாக விசாரிக்க எனக்கு இன்று பொறுமை இல்லை. உங்கள் பாட்டு பிழைத்துவிட்டது!

அது சாகக் கிடந்ததே உங்களுக்குத் தெரியாது. மனம் வரவில்லை, அதனால் எழுதவில்லை. நம் பழைய படத்தை இப்போது வண்ணத்தில் மறுபடி எடுக்கிறார்கள், படப்பிடிப்பில் குறிப்பெழுத இந்த முறையும் என்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? முதல் கூட்டத்திலேயே இயக்குநர் யெஸ்பர், தாடி வைத்த சின்ன வயதுக்காரர், அந்தப் படத்துக்கு நீங்கள் இசையமைத்த கடைசிப் பாட்டின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். பால்கடைக்காரியும் வங்கிக் குமாஸ்தாவும் படம் முழுக்க ‘நீங்கள், நீங்கள்’ என்றே சண்டை போட்டுவிட்டு, கடைசி வரியில் அவள் ‘நீ’ என்று பாடுவாளே, அந்தப் பாட்டு! “இப்ப யாரு, கெர்டா, ‘நீங்க’ன்னு பேசுறா? மந்திரியே எதிர்ல வந்தாலும் நான் ‘நீ’ன்னுதான் கூப்பிடுவேன். இவ ‘நீ’ன்னு பாடினா என்ன பெருசா ஆயிடப்போகுது?” என்றார். கிதார் வாசிக்கும் நண்பன் ஒருவன் புதுப் பாட்டு போட்டுத் தருவானாம்.

எனக்கு வந்ததே கோபம்! “ஒரு வாரம் இந்த ஸ்டூடியோவுல எல்லாரும் எல்லாரையும் ‘நீங்க’ன்னு பேசிப் பாருங்க. அப்பவும் ஒண்ணும் தோணலைன்னா பாட்டை நானே கிழிச்சுப் போடறேன்” என்று சவால் விட்டுவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. உங்கள் பாட்டைப் பணயம் வைக்க நான் யார்?

யெஸ்பரும் சரி என்றுவிட்டார். முதலில் ஒரே கூத்து. சாப்பாட்டு அறை அம்மாள் விளக்குக்காரர் விகோவிடம், “இன்னொரு மீன் ரொட்டி எடுத்துக்கறீங்களா?” என்று கேட்க, அவர், “என் பொண்டாட்டிகூட என்னை இவ்வளவு மதிச்சதில்ல” என்று இரண்டாக எடுத்துக்கொண்டார். போகப்போகச் சிரிப்பு குறைந்தது. கதாநாயகி பியாவும் நாயகன் ஃபின்னும் ஒருவர் தோளில் ஒருவர் தொங்கிக்கொண்டு திரிந்தவர்கள். அவர்களே தள்ளி நிற்க ஆரம்பித்தார்கள். “காப்பி குடிக்கிறீங்களா?” என்று கேட்பதற்குள் அந்தப் பையன் இரண்டு தடவை தொண்டையைச் செருமினான்.

நேற்று அந்தக் காட்சி. பியா கடைசி வரிக்கு வந்தாள். நின்றாள். பிறகு ‘நீ’ என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், ஃபின்னுக்குக் காது நுனிவரை சிவந்துவிட்டது! யெஸ்பர் ‘கட்’ சொல்லவே மறந்துபோனார். பிறகு என்னிடம் வந்து, “எங்கப்பாவும் அம்மாவும்கூட இப்படித்தான் ஆரம்பிச்சிருப்பாங்களோ?” என்று மெதுவாகக் கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

இப்போது அந்த ‘நீ’க்கு முன்னால் கொஞ்சம் கூடுதலாக இசை வேண்டுமாம். “போட்டவரே வந்து போடணும், வேற யாரும் கை வைக்கக்கூடாது” என்கிறார். வெள்ளிக்கிழமை பதிவு. ‘எனக்கு வயதாகிவிட்டது, அங்கே என்னை யாருக்குத் தெரியும்’ என்று நீங்கள் பதில் எழுதுவீர்கள். கிறிஸ்துமஸ் வாழ்த்திலும் வருஷா வருஷம் அதைத்தானே எழுதுகிறீர்கள்!

இதுவரை யெஸ்பருக்காக எழுதினேன். இனி எழுதுவது எனக்காக. எல்லோரும் அந்த ‘நீங்க’வுக்குத் திணறியபோது எனக்கு மட்டும் ஒரு சிரமமும் இல்லை. உங்களோடு இத்தனை வருஷம் அப்படிப் பேசித்தானே பழக்கம். நேற்று பியா பாடியதைக் கேட்டபோது, மகள் வயதுப் பெண்ணைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஹோல்கர், வியாழக்கிழமை ரயிலில் ஏறிவிடு. பாட்டுக்காகப் போகிறேன் என்று ஊரில் சொல்லிக்கொள். நான் ஸ்டேஷனில் நிற்பேன். நீ வா.

உன்,
கெர்டா