இரண்டு சொட்டு எண்ணெய்

இச்சாப்பூர், வங்காளம்
9 செப்டம்பர் 1934

வலியுல்லா மாமாவுக்கு,

நலம். சோறு மட்டும் சரியில்லை. மீனைக் கடுகெண்ணெயில் முக்கி எடுக்கிறார்கள். என் கல்யாணக் கோட்டுக்கு நீங்கள் கேட்ட அளவு தனிக் காகிதத்தில் இருக்கிறது. அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு வரை சரி. "கொஞ்சம் தாராளமா விட்டிருக்கேன்" என்று வழக்கம்போல் ஆரம்பிக்காதீர்கள்.

ஜனவரியில் சாந்தோம் கோயிலில் அப்பா நிற்கவேண்டிய இடத்தில் நீங்கள்தான் நிற்கிறீர்கள். சாயபு எப்படி நிற்பார் என்று பெண் வீட்டில் சொர்ணத்தின் சித்தப்பா இழுத்தார். "அப்பா சாகும்போது பக்கத்தில் இருந்தது அவர்தான், நீங்கள் இல்லையே" என்று அவரிடம் சொன்னேன். சம்மதித்துவிட்டார்.

இங்கே துப்பாக்கித் தொழிற்சாலையில் இப்போது புது மெஷின் கன் செய்கிறோம். பாகங்களை அளந்து தள்ளுவதும் கொள்ளுவதும் என் வேலை. பெர்த்தியே என்ற பிரெஞ்சுக்காரன் போட்ட வரைபடம். விக்கர்ஸ் கம்பெனி வாங்கி விற்கிறது. இவை எங்கே பிறந்தவை என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதில்தான் ஒன்று இடிக்கிறது.

அந்தப் பெரிய யுத்தத்தில் துருக்கிக்காரனிடம் இருந்தது ஜெர்மன் துப்பாக்கி, நம்முடையதைவிட ரொம்ப உசத்தி, அதனால்தான் உன் அப்பா போனான் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிவந்தீர்கள். அம்மாவும் அதையே நம்புகிறாள். ஆனால் அந்த ஜெர்மன் துப்பாக்கி, மாக்சிம் என்ற அமெரிக்கன் லண்டனில் உட்கார்ந்து செய்தது. நம் பட்டாளத்து விக்கர்ஸ் துப்பாக்கியும் அதே மாக்சிம்தான். உள்ளே மடங்கி நிமிரும் மூட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி, எடையைக் குறைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இதில் உசத்தி எங்கிருந்து வந்தது? அன்று உங்கள் கையில் இருந்தது எது?

அருளப்பன்


கச்சேரி ரோடு, மயிலாப்பூர்
23 செப்டம்பர் 1934

அன்பு மகன் அருளுக்கு, வலியுல்லா துஆவுடன் எழுதுவது.

அளவு கிடைத்தது. மார்பு ஒரு அங்குலம் இறங்கியிருக்கிறது. கடுகெண்ணெயோ எதுவோ, சாப்பிடு. வாராவாரம் போல இந்த வெள்ளிக்கிழமையும் உன் அம்மா நெத்திலி கொண்டுவந்தாள். "இன்னா பாய், உனுக்கு மட்டும் பக்கம் பக்கமா எழுதறான். எனுக்கு எழுதறப்போ சோறு சரியில்லேன்னுதான் எழுதிக்கினு கீறான்" என்று குறைப்பட்டாள். அவளுக்கும் நாலு வரி கூடுதலாக எழுது.

எங்களிடம் இருந்தது லூயிஸ். மேலே தோசைக்கல் மாதிரி வட்டத் தட்டு, நாற்பத்தேழு தோட்டா. நான் சுடுவேன், தட்டு மாற்றுவது உன் அப்பா. அது நின்றுபோயிற்று, எதிரியுடையது நிற்கவில்லை. அதைத்தான் உசத்தி என்றேன். பதினேழு வருஷம் ஆனதைக் கிளறி என்ன ஆகப்போகிறது?

படித்தவன் என்பதால் ஒரு சந்தேகம். எனக்குத் தெரிந்த ஒருவன், அவனும் லூயிஸ்காரன். அந்தப் புழுதி தேசத்தில் தினம் விடியற்காலை துப்பாக்கிக்கு எண்ணெய் விடுவானாம், நான் தையல் மெஷினுக்கு விடுவதுபோல. அது சரிதானே?

வலியுல்லா


இச்சாப்பூர்
7 அக்டோபர் 1934

மாமாவுக்கு,

சரியில்லை. துளிகூடச் சரியில்லை. அந்த ஆளிடம் சொல்லுங்கள்: லூயிஸின் தட்டு அடிப்பக்கம் திறந்தது. புழுதி நேராக உள்ளே போகும். காய்ந்த புழுதியாயிருந்தால் பாதி உதிர்ந்துவிடும். எண்ணெய் பட்டால் சாந்தாகக் குழைந்து பாகங்களைப் பிடித்துக்கொள்ளும். புழுதிக் காற்றில் துடைத்து வை என்று அப்போதே உத்தரவு இருந்திருக்கிறது. இங்கே துப்பாக்கி பழுதுபார்க்கும் பழைய ஆர்மரர் ஹவில்தாரைக் கேட்டுவிட்டேன். மக்லீன் என்பவன் தொடங்கி, லூயிஸ் என்ற அமெரிக்கக் கர்னல் முடித்த துப்பாக்கி. குறை உண்டுதான். ஆனால் இது துப்பாக்கியின் குறை இல்லை, ஆளின் குறை. அவன் பக்கத்தில் இருந்தவன் செத்திருந்தால், கொன்றது இவன்தான்.

அது போகட்டும். நம் துப்பாக்கி ஏன் நின்றது? அதைச் சொல்லாமல் யாரோ ஒருவன் கதையை எழுதுகிறீர்களே.

அருளப்பன்


மயிலாப்பூர்
4 நவம்பர் 1934

அருளுக்கு,

அந்த ஆள் நான்தான்.

உனக்குத் தெரியும், தினம் விடிந்ததும் இரண்டு சொட்டு விடாமல் நான் மெஷினைத் தொடமாட்டேன். பதினோரு வயதிலிருந்து கைக்கு வந்த பழக்கம். அங்கேயும் அப்படித்தான். அன்று புழுதிக் காற்று. உத்தரவும் இருந்தது. உன் அப்பா, "வேணாம் பாய், தொடச்சிரு. மணலு ஒட்டிக்கும்" என்றான். கடற்கரைக்காரன், மணல் தெரிந்தவன். "டேய் நாயகம், மிஷினைப் பத்தி தையக்காரனுக்கே சொல்லித் தர்றியா?" என்று சிரித்துக்கொண்டே எண்ணெய் விட்டேன்.

முதல் தட்டு ஓடியது. இரண்டாவதில் பாதியில் நின்றது. கைப்பிடியை இழுத்தேன், வரவில்லை. தட்டைக் கழற்ற அவன் தலையைத் தூக்கினான்.

ஊருக்கு வந்து உன் அம்மா முன்னால் நின்றபோது துருக்கிக்காரன் துப்பாக்கி உசத்தி என்று வாயில் வந்துவிட்டது. பிறகு அதைத் திருப்பி வாங்க முடியவில்லை.

உன் கல்யாணக் கோட்டை அவளிடம் கொடுத்திருக்கிறேன். கை இரண்டுக்கும் தற்காலிகமாக நூலோட்டம்தான் போட்டிருக்கிறது. நீ போட்டுப் பார்த்த பிறகே தைக்கவேண்டும். வேறு தையல்காரன் தைக்கட்டும். கோயிலுக்கு நான் வரவில்லை.

வலியுல்லா


இச்சாப்பூர்
2 டிசம்பர் 1934

மாமாவுக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். பிறகு எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன்.

பழுதுக்கு வந்த பழைய லூயிஸ் ஒன்று இருந்தது. ஹவில்தாரைக் கெஞ்சி அனுமதி வாங்கி, ஆற்றங்கரை மண்ணைக் காயவைத்துச் சலித்துத் தூவினேன். எண்ணெய் விட்டுச் சுட்டபோது பத்தொன்பதாவது தோட்டாவில் நின்றது. துடைத்துவிட்டு, அதே மண்ணைத் தூவிச் சுட்டபோது நாற்பதில் நின்றது. மறுபடி செய்தேன். எண்ணெய்க்கு முப்பத்தொன்று, துடைத்ததற்கு முழுத் தட்டும் ஓடி இரண்டாவது தட்டில் ஐந்து.

துடைத்திருந்தாலும் நின்றிருக்கலாம். நிற்காமலும் இருந்திருக்கலாம். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கிற என்னால் இதை அளக்க முடியவில்லை. கொன்றது இவன்தான் என்று எழுதினேன் அல்லவா, அதை நிரூபிக்கவும் முடியவில்லை, திருப்பி வாங்கவும் மனசு வரவில்லை. கோபம் இருக்கிறது. எண்ணெயைவிடப் பொய்யின்மேல்தான் அதிகம்.

அம்மாவிடம் நான் சொல்லமாட்டேன். நீங்கள் சொல்லுங்கள். கேட்டபிறகு அவள் கோயிலில் நிற்கச் சொன்னால் நில்லுங்கள். அதுவரை அந்தக் கோட்டை வேறு யாரும் தொடவேண்டாம்.

அருளப்பன்


மயிலாப்பூர்
15 டிசம்பர் 1934

அருளுக்கு,

செவ்வாய்க்கிழமை போய்ச் சொல்லிவிட்டேன். வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. அவன் என்னைத் தடுத்ததையும் சொன்னேன், நான் சிரித்ததையும் சொன்னேன். நீ சுட்டுப் பார்த்த பரீட்சையைச் சொல்லவில்லை. எனக்குச் சாதகமாகப் பேசுவதுபோல் இருக்கும்.

கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பதினேழு வருசமா பூசைக்குப் பூசை அந்தத் துருக்கிக்காரனைச் சபிச்சிக்கினு இருந்தேனே பாய்" என்றாள். அழவில்லை.

நான் எழுந்தபோது உள்ளே போய்க் கோட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "அவன் போட்டுப் பாத்தாதானே தைக்கணும்னு சொன்னே. அவன் வர்ற வரிக்கும் உன்கிட்டயே இருக்கட்டும்." கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் சொன்னதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கோட்டு கடையில் தொங்குகிறது. நேற்று வெள்ளிக்கிழமை. நெத்திலி வரவில்லை.

வலியுல்லா