கொடையன்று சிவந்துபோன இருபத்திரண்டு பல்புகள்

என் அன்புக்குரிய அப்பாவுக்கு,

1959 ஆகஸ்ட் பதினொன்று, செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஏழு மணி ஐந்து நிமிஷம். இருபத்திரண்டு பல்பு. எல்லாம் எரிந்தது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நலம் விசாரிப்பு அப்புறம். உங்கள் நலத்தை இனி எப்படி விசாரிப்பது என்றும் எனக்குத் தெரியவில்லை.

நம்ம ஊர் வாசகசாலைப் பையன்கள் கையெழுத்துப் பத்திரிகை ஒன்று நடத்துகிறார்கள். "கேஸ்லைட்டு அண்ணாச்சியைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தாங்க" என்று கேட்டார்கள். உங்களைப் பற்றி ஊருக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? உங்களிடமே கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். ஊர் எட்டிப் பார்த்துப் படிக்கட்டும், கவலையில்லை.

சண்டையிலிருந்து தொடங்குகிறேன், நாம் அதில்தானே விட்டோம். பாலிடெக்னிக் முடித்து வந்த மறுநாளே சொன்னேன்: குற்றாலத்திலிருந்து வருகிற நம்ம வாய்க்கால் படிப்பாறையில் பன்னிரண்டு அடி விழுகிறது, அங்கே ஒரு இரும்புச் சக்கரத்தை வைத்தால் ஊருக்கே விளக்குப் போடலாம். தென்காசியில் கரண்ட் வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. நம்ம மலையடிக்குக் கம்பி வரும்போது வரட்டும், அதுவரைக்கும் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பதா என்று கேட்டேன். நீங்கள் கேஸ்லைட்டுக்கு மேன்டில் வலையைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். தலை நிமிரவில்லை.

"ஏலே, அருவியை நம்பியா விளக்குப் போடப் போற? பங்குனியில அருவி வெறும் பாறையாக் கெடக்கும். அப்ப என்ன செய்வ, பாறையைச் சுத்த விடுவியா?"

நான் சும்மா இருந்தேனா? பதினாறு கேஸ்லைட்டை வாடகைக்கு விடுகிறவருக்கு இருட்டு இருந்தால்தானே பிழைப்பு என்று சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். போன வருஷம் மாசியில் நீங்கள் போய்விட்டீர்கள். சண்டை பாதியில் நிற்கிறது.

சக்கரம் இந்த ஆனியில் சுற்றியது. சக்கரத்தைத் தென்காசியில் ஒரு லேத் பட்டறையில் செய்தேன். டைனமோ, மூடிப்போன ஒரு டூரிங் டாக்கீஸில் கிடைத்தது. படம் காட்டிய டைனமோ. நல்லபெருமாள் மாமாதான் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அம்மாவின் தம்பி என்பதால் சொல்லவில்லை, எனக்குக் கூலியில்லாத வேலையாள் அவர் ஒருவர்தான். பெல்ட்டை இழுத்து மாட்டியதும் அவர். முதல் பல்பு எரிந்தபோது, "இதுல எந்தப் படம்டே தெரியும்?" என்று கேட்டதும் அவர்தான்.

சாரல் நன்றாக இருந்தது. தண்ணீர் நிறைய வந்தது. பத்து நாள் நன்றாக எரிந்தது. அப்புறம் ஒரு சாயங்காலம் எல்லாப் பல்பும் சட்டென்று சிவந்து, கங்கு மாதிரி நின்றது. நான் ஓடிப் போய் பெல்ட்டைப் பார்த்தேன், டைனமோவின் பிரஷ்ஷைப் பார்த்தேன், எல்லாம் சரி. மடை பார்க்கிற சுடலைமுத்து அண்ணாச்சி வந்து சக்கரத்தை ஒரு பார்வை பார்த்தார். "சக்கரம் மெதுவாப் போவுது. அப்ப தண்ணி கொறையுது. அப்ப மேல எவனோ மொறை இல்லாம மடைப் பலகையைத் தூக்கிட்டான்." கம்பை எடுத்துக்கொண்டு மேலே போனார். ஆளைக் கையும் மண்வெட்டியுமாகப் பிடித்தார்.

ஒரு வாரத்தில் இன்னும் இரண்டு பேர் அகப்பட்டார்கள். வாய்க்கால் தண்ணீருக்கு முறை உண்டு, முறைக்குக் கிழமை உண்டு. அதை மீறிக் கொஞ்சம் திறந்துவிட்டுக்கொள்வதும் எந்நாளும் உண்டு. இதுவரை எவருக்கும் தெரியாமல் நடந்தது. இப்போது எவன் பலகையைத் தூக்கினாலும் ஊர் முழுக்க விளக்குச் சிவக்கிறது. அவனவன் வீட்டிலேயே சிவக்கிறது.

அதற்குப் பிறகுதான் ஊரில் எனக்கு எதிராளிகள் முளைத்தார்கள். எங்கிருந்து என்று நினைக்கிறீர்கள்? அத்தனையும் சக்கரத்துக்கு மேலே வயல் வைத்திருக்கிறவர்கள். சண்முகம் பெரியப்பா ஆலமரத்தடியில் ஊர்க்கூட்டம் போட்டார்.

"ஏலே கணபதி, நீ விளக்குப் போட்டிருக்கியா, இல்ல காவலுக்கு ஆள் போட்டிருக்கியா?"

"விளக்குத்தான் பெரியப்பா. தண்ணி கொறைஞ்சா மங்கும். அதுக்கு ஆள் தெரியாது, மொகம் தெரியாது."

"நாக்கு மட்டும் நல்லாச் சுத்துது, சக்கரம் கெட்டுது போ" என்றார். கடைசியில் ஒரு தீர்ப்பு. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு என் விளக்கே எரியட்டும். பூசை முடிகிற வரைக்கும் ஒரு தரம்கூட மங்கக் கூடாது. மங்கினால் மறுநாள் காலையில் சக்கரத்தைக் கழற்றிக் கரையில் போட்டுவிட வேண்டும். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? கொடையன்று யார் வயலுக்குப் போகப் போகிறார்கள், ஊரே கோயிலில்தானே இருக்கும் என்று நினைத்தேன். படித்த புத்தி.

போன வருஷம் நீங்கள் போன துக்கத்தில், துட்டி வீடு என்று நாங்கள் கொடைக்குப் போகவில்லை. இந்த வருஷம் அம்மா வந்தாள். கூட்டத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் துணி போட்டு மூடி ஒன்று வைத்திருந்தாள். உங்கள் கேஸ்லைட்டு. எனக்கு எரிச்சலாக வந்தது.

"எதுக்கும்மா இது? எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"உம்மேல இருக்கு. தண்ணி மேலதான் இல்ல. போ, போய் ஒம் பல்பைப் பாரு."

ஏழு ஐந்துக்கு எரிந்தது, சொன்னேனே. கோயில் முகப்பில் ஆறு, வில்லு மேடையில் நாலு, தெருவில் மீதி. வில்லுப்பாட்டுக்காரர் கோலைத் தட்டி, மேளம் விழுந்து, முதல் பாட்டை எடுத்தார். சும்மா சொல்லக் கூடாது, அந்த நேரத்தில் உங்களை நினைத்தேன். எட்டு லைட்டுக்கும் மாறி மாறிக் காற்றடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நீங்கள் அலைவீர்களே, கடைசி இரண்டு லைட்டுக்கும் காற்றை ஏற்றிவிட்டு ஒரு அரைமணி நேரம் காணாமல் போவீர்களே. வெற்றிலை போடப் போனதாகச் சொல்வீர்கள்.

இரண்டாவது பாட்டில் இருபத்திரண்டும் சிவந்தது.

யாரும் பல்பைப் பார்க்கவில்லை அப்பா, என்னைப் பார்த்தார்கள். சுடலைமுத்து அண்ணாச்சி கம்பை எடுத்துக்கொண்டு மேலே ஓடினார். நான் நின்ற இடத்தில் நின்றேன். சண்முகம் பெரியப்பா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "காலையில ஆளைக் கூட்டிட்டு வா. கழட்டுததுக்கு நானும் கை குடுக்கேன்" என்றார். மனிதருக்கு வருத்தமே இல்லை.

அப்போது வேப்பமரத்தடியில் உஸ் என்று சத்தம். அம்மா ஸ்பிரிட் விட்டுச் சூடு காட்டி, காற்றடித்துக்கொண்டிருந்தாள். மேன்டில் ஒரு தரம் பொங்கி, வெள்ளையாக நின்றது. அந்தப் பக்கம் பட்டப்பகலாகிவிட்டது. அந்த வெளிச்சத்துக்குள், வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர் மாதிரி வந்து உட்காரப் பார்த்தார் ஒருவர். முழங்கால் வரைக்கும் சேறு.

நல்லபெருமாள் மாமா.

"என்னய்யா நல்லபெருமாள், அபிஷேகத்துக்குச் சேறா கொண்டாந்தீரு?" என்று யாரோ கேட்டார்கள். மாமா காலைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாலு வெரக்கடைதான் தொறந்தேன்" என்று நாலு விரலைச் சேர்த்துக் காட்டினார். "நாலு வெரக்கடைக்கா ஊரே செவக்கும்?"

அதற்குள் சுடலைமுத்து அண்ணாச்சி பலகையை இறக்கிவிட்டு வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது. கூட்டத்துக்கு ஒருமுறையும் எனக்கு ஒருமுறையுமாகச் சொன்னார்: "கேஸ்லைட்டு வீட்டு மடை."

சக்கரத்துக்கு மேலே இருக்கிற நம்ம வயல் மடை அப்பா.

அப்புறம் மாமா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நீங்கள் படுக்கையில் கிடந்தபோது அவரைக் கூப்பிட்டுச் சொன்னீர்களாம்: "கொடையன்னைக்கு ரெண்டாம் பாட்டு ஆரம்பிச்சதும் நம்ம பலகையைத் தூக்கிரு. ஒரு பய வயக்காட்டுல இருக்க மாட்டான். அந்தத் தண்ணியிலதான் நம்ம நெல்லு பொதி கட்டும்." எனக்கு விட்டுப் போனது பதினாறு கேஸ்லைட்டு. மாமாவுக்கு இது. போன வருஷமும் திறந்திருக்கிறார், துட்டி வீட்டிலிருந்துகொண்டு. இந்தச் சக்கரத்துக்குப் பெல்ட் மாட்டிய மனுஷன், சொன்ன வாக்கு பெரிதென்று போய்விட்டார். விளக்கு மங்கும் என்பது அவர் தலையில் ஏறவே இல்லை. ஊரான் திறந்தால்தான் மங்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

கடைமடையில் அரை ஏக்கர் வைத்திருக்கிற வேலம்மா அக்கா எழுந்து முன்னால் வந்தாள்.

"கொடையன்னைக்கு மட்டும் ஏன் அண்ணாச்சி எங்க வயலுக்குத் தண்ணி வரலன்னு உங்க அப்பாகிட்டதான் கேட்டேன். 'அம்மனுக்கு இன்னைக்குத் தாகம் ஜாஸ்தி, வேலம்மா. அவ குடிக்கா. நீ கணக்குப் பாக்காதே'ன்னாரு. நானும் கன்னத்துல போட்டுக்கிட்டுப் போனேன். வருஷா வருஷம் போனேன்."

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. வில்லுப்பாட்டுக்காரர் மேடையிலிருந்தே, "இப்ப அம்மனுக்குத் தாகம் தீந்துதா, நல்லபெருமாள்?" என்று கோலை ஒரு தட்டுத் தட்டினார். மொத்தக் கூட்டமும் விழுந்து விழுந்து சிரித்தது. சாமியாடி வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் திரும்பி வந்து, பல்பு ஒவ்வொன்றாக வெளுத்தது.

பெரியப்பா விடவில்லை. "பேச்சு பேச்சுதான். மங்குச்சா இல்லையா? சக்கரத்தைக் கழட்டணும்."

"கழட்டுங்க" என்றாள் வேலம்மா அக்கா. "சொந்த வீட்டையே காட்டிக் குடுத்திருக்கு இந்த விளக்கு. இதுக்கு மேல அது யாருக்கு ஓரவஞ்சனை செய்யும்? இதைக் கழட்டணும்னு சொல்லுதவங்க மட்டும் கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க. மொகத்தைப் பாத்துக்கிடுதேன்."

வெளிச்சம் நன்றாக இருந்தது. மின்சாரமும் இருந்தது, கேஸ்லைட்டும் இருந்தது. எல்லா முகமும் தெளிவாகத் தெரிந்தது. ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. பெரியப்பா மட்டும் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தார். மெதுவாக உட்கார்ந்தார். "சரி, கெடந்துட்டுப் போவுது" என்றார். வில்லு மூன்றாம் பாட்டுக்குப் போயிற்று.

மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான்தான் போய்ப் பேசினேன். பெல்ட் தளர்ந்துவிட்டது, இழுத்து மாட்ட ஆள் வேண்டும் என்றேன். வந்தார். "ஒங்க அப்பா இருந்தா அகப்பட்டிருக்க மாட்டாரு. அவரு எண்ணிப் பத்தே நிமிசத்துல மூடிட்டு வந்திருவாரு" என்றார். திட்டினாரா, மெச்சினாரா?

இப்போது என் கேள்வி. என் சக்கரம் வேண்டாம் என்றீர்களே, கேஸ்லைட்டுத் தொழில் போய்விடும் என்றா? இல்லை, நான் சொன்ன அன்றைக்கே நம்ம மடை உங்களுக்கு ஞாபகம் வந்துவிட்டதா? அன்றைக்குச் சிரித்தீர்களே, எதற்காக? அம்மாவிடம் கேட்டேன். "அந்த மனுஷன் இருக்கும்போது கேக்காம எங்கிட்ட வந்து கேக்கியே. எழுதிக் கேளு" என்றாள். எழுதிவிட்டேன்.

எனக்குக் கோபம் இல்லை. முதலில் இருந்தது. பிறகு, மேடைக்குப் பின்னால் இருட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீங்கள் வரப்பில் ஓடுவதை நினைத்துப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்துவிட்டு உங்களுக்கு மட்டும் ஒரு அரைமணி நேர இருட்டு. சிரிப்புத்தான் வந்தது.

இன்னொன்றும் ஒத்துக்கொள்கிறேன். பங்குனியில் நீங்கள் சொன்னதே சரி. அருவி வற்றினால் என் சக்கரம் வெறும் இரும்பு. ஆனியில் நான் சரி. வருஷத்தில் பாதி உங்களுக்கு, பாதி எனக்கு. இதோடு இந்தச் சண்டையை முடித்துக்கொள்ளலாமா?

ஆய்க்குடிப் பக்கமிருந்து ஒருவர் சக்கரம் கேட்டு வந்தார். தண்ணீர் எத்தனை அடி விழுகிறது என்று கேட்டேன். விழவே விழாதாம், தரையோடு தரையாகப் போகுமாம். அப்படியானால் நடக்காது, போங்கள் என்றேன். மனுஷன் முகம் சுண்டிப்போய்விட்டது. அம்மா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு என்னைத் திட்டினாள். "ஒங்க அப்பா இல்லைங்கிறதைக்கூடச் சிரிச்சிக்கிட்டே சொல்லுவாரு" என்றாள். அது எனக்கு வராது. ஆனால் மறுபடி அவரைப் போய்ப் பார்ப்பேன்.

இனி நான் செய்யப் போவது:

1. நம்ம வயலுக்கு நம்ம முறையான வியாழக்கிழமை மட்டும் தண்ணீர். கொடைக்கும் அதே. மாமா கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டார்.

2. அடுத்த கம்பி கடைமடைத் தெருவுக்கு. முதல் பல்பு வேலம்மா அக்கா வாசலில்.

3. சாரல் நிற்பதற்குள் குற்றாலத்துக்கு மேற்கே இரண்டு ஊர்களின் வாய்க்காலை அளந்துவிடுவேன். அங்கே முதலில் மடைக்காரரைப் பார்ப்பேன், பிறகுதான் தண்ணீரை.

4. ஆய்க்குடிக்காரருக்குச் சர்க்காரிடம் கரண்ட் லைன் கேட்டு நானே மனு எழுதிக் கொடுப்பேன். சிரித்துக்கொண்டே கொடுக்க முயற்சி செய்வேன்.

5. பங்குனி, சித்திரையில் உங்கள் பதினாறு லைட்டும் எரியும். ஒன்றையும் விற்க மாட்டேன்.

6. அடுத்த கொடைக்கு வில்லு மேடையில் பல்புகளுக்கு நடுவே ஒரு கேஸ்லைட்டு இருக்கும். அதை நான் ஏற்றுவேன். இதுவரை மூன்று மேன்டிலை உடைத்திருக்கிறேன், அம்மா எண்ணிக்கொண்டிருக்கிறாள். கற்றுக்கொண்டுவிடுவேன். இரண்டாம் பாட்டு ஆரம்பித்த பிறகும் அதன் பக்கத்திலேயே நிற்பேன், எங்கேயும் போக மாட்டேன்.

கேஸ்லைட்டு அண்ணாச்சியின் ஒரே மகன்,
கணபதி